பருப்பு போடாத ரசம்

இந்தக் காலை வெட்டி எடுத்துருவோம்னு யாரும் சொல்லலை. சொல்லலை, சொல்லலை என்று ஆவுடையம்மாள் விடிந்ததிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிடக்கிறாள். டாக்டரம்மா நேற்று சொன்னது வேறு. உடைஞ்ச இடுப்பெலும்புக்குக் கம்பி வச்சாச்சு ஆச்சி, அதுல குறை ஒண்ணும் இல்லை, ஆனா ரத்தத்துல ஒரு கணக்கு இருக்கு, சி.ஆர்.பி.னு சொல்வோம், உள்ளே எவ்வளவு அழற்சி இருக்குன்னு காட்டும், இந்நேரம் அது இறங்கியிருக்கணும், உங்களுக்கு இறங்க மாட்டேங்குது, நாளைக்கும் எடுத்துப் பார்ப்போம், அப்பவும் இறங்கலைன்னா தையலைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். இவ்வளவுதான். இதில் வெட்டு எங்கே இருக்கிறது? ஆனால் திறந்து பார்க்கிறவர்கள் சும்மா பார்த்துவிட்டு மூடிவிடுவார்களா? நயினாருக்கும் முதலில் திறந்துதான் பார்த்தார்கள். நயினார் அவள் புருஷன், வீரவநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், சர்க்கரைக்காரர், கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண் என்று நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திறந்து பார்ப்போம் என்றார்கள், விரல் போனது. மறுபடி திறந்தார்கள், பாதம் போனது. அப்புறம் முழங்கால் வரைக்கும். அப்புறம் ஆளே இல்லை. இன்று வெளிச்சம் வந்ததும் சிஸ்டர் வந்து முழங்கைக்குள் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும்போது கையோடு கணக்கும் வந்துவிடும். அதுவரைக்கும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

போர்வைக்குள் கையை விட்டு அறுத்த தொடையைத் தொட்டுப் பார்த்தாள். புறங்கையால். காய்ச்சல் பார்க்கப் புறங்கைதான் சரி. சுட்டது. இடது தொடையையும் தொட்டாள். அதுவும் சுட்டதோ? இல்லை, அது போர்வைச் சூடு, இதுதான் சூடு. இல்லை, இரண்டும் ஒன்றுதானா? கையே சுடுகிறதோ என்னவோ, யார் கண்டது. கையை வெளியே எடுத்துக் கட்டில் கம்பியில் வைத்துக் குளிரப்பண்ணி, மறுபடி உள்ளே விட்டாள். இப்போது இரண்டுமே சுட்டன. கோட்டிக்காரி மாதிரி என்ன இது, சும்மா கிடக்க மாட்டாளா. தையல் போட்ட இடம் விண்விண்ணென்று தெறித்தது. தெறித்தால் சீழ் கட்டுகிறது, சுள்சுள்ளென்று குத்தினால் ஆறுகிறது, அப்படித்தான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். இது தெறிப்பா குத்தலா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். கவனிக்கக் கவனிக்கத் தெறித்தது. கவனிக்காமல் இருந்தால் குத்துமோ என்று ஃபேனைப் பார்த்தாள். எல்லாம் அந்தக் கிரைண்டரால் வந்த வினை. மாவை வழித்துவிட்டுக் கழுவின தண்ணீரை இன்னும் கொஞ்சம் தள்ளி ஊற்றியிருக்கலாம். ஒரு கால் முன்னே போனது, ஒரு கால் பின்னே நின்றது, அவ்வளவுதான் தெரியும், அப்புறம் பச்சைக் கம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் தன் உடம்புக்குள்ளிருந்துதான் வந்தது என்று புரியவே நேரமாயிற்று. வலி அதற்கும் பிறகுதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உலகக்கா, என்னட்டி சத்தம், என்று கேட்டாள். சுவர் எழுப்பியதிலிருந்து உலகக்கா அவளிடம் கேட்ட முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

உலகம்மாள் அவளுக்கு ஓரகத்தி. நயினாரின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணனும் போய்விட்டார், தம்பியும் போய்விட்டார், ஒரே வீட்டை நடுவில் தடுத்து இரண்டு பொம்பளைகள் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்த உலகக்காதான் கட்டின சேலையோடு ஆம்புலன்சில் ஏறினாள். ஆவுடையின் மகள் திருப்பூரிலிருந்து வந்து ஆபரேஷன் முடிகிறவரை இருந்துவிட்டு, கம்பெனியில் லீவு இல்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே போய்விட்டாள். போனவளைக் குற்றம் சொல்ல முடியுமா. மிச்சம் உலகக்காதான். பெட்பேன் வைப்பதும் அவள்தான், தலை வாருவதும் அவள்தான், திட்டுவதும் அவள்தான். வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எதிரில் உள்ள மெஸ்ஸில் போய்ப் பேசிவிட்டாள். ரசம் வேணும், பருப்புத் தண்ணி ஒரு சொட்டு சேரப்படாது, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் பட்ட கரண்டியைக்கூட விடப்படாது, அறுத்த உடம்பு பாத்துக்கோ, புண்ணு ஆறணும். மெஸ்காரன் மறுபேச்சுப் பேசாமல் தனியாக ஒரு சட்டியில் வைத்துக் கொடுக்கிறான். அந்த ரசமும் குழைந்த சோறும் சுட்ட அப்பளமும்தான் மூன்று வேளையும். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற முட்டையும் சுண்டலும் பருப்புக் குழம்பும் வந்தபடியே எதிர்க்கட்டிலுக்குப் போய்விடும். எதிர்க்கட்டிலில் கை உடைந்து கிடக்கிற மானூர்க்காரி இரண்டு முட்டையையும் தின்றுவிட்டு வராந்தாவில் உலாத்தப் போய்விடுகிறாள், மகராசி. சிஸ்டர் வந்து சாப்பிட்டாச்சா ஆச்சி என்று கேட்டால் சாப்பிட்டாச்சு என்று ஆவுடையும் சொல்லிவிடுகிறாள். பொய்யா அது? சாப்பிடத்தானே செய்தாள். உலகக்கா கட்டாயப்படுத்தவும் இல்லை. முட்டையைப் பார்த்தால் ஆவுடைக்கே பயம். பத்தியம் தவறினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நெத்திலிக் கருவாடு. ஒரே ஒரு நாள். விரலை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், வாய் செத்துப்போச்சு ஆவுடை, கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு நாக்கு மரக்கட்டையாப் போச்சு, ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, என்று நயினார் கெஞ்சினார். வாழ்க்கையில் எதையும் கெஞ்சிக் கேட்ட மனுஷன் இல்லை. கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். கருவாடும் கத்தரிக்காயும், கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே ஆகாது. சட்டியைச் சுரண்டித் தின்றார். மறுநாள் கட்டைப் பிரித்தால் நாற்றம். அந்த நாற்றம் இன்றைக்கும் அவளுக்கு மூக்கில் இருக்கிறது, எந்த வார்டில் எந்த டெட்டால் வாசனைக்கு நடுவிலும் அது தனியாக வந்து நிற்கும். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று, வீடு நிறையச் சனம் இருக்கையில், கருவாட்டைக் குடுத்துக் கொன்னுட்டாளே என் கொழுந்தனை, என்று உலகக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஒருத்தராவது, அப்படிச் சொல்லாதே உலகு, என்று சொல்லணுமே. யாரும் சொல்லவில்லை. ஆவுடையும் சொல்லவில்லை. எதைச் சொல்வாள், உண்மைதானே. காரியம் முடிந்த மறுவாரம் கொத்தனார் வந்து சுவர் எழுப்பினான். அன்றோடு கருவாட்டை விட்டாள், மீனை விட்டாள், கத்தரிக்காயை விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கருவாடு வறுக்கிற வாசனை வந்தால் எழுந்துபோய்க் கோயில் வாசலில் உட்கார்ந்துகொள்வாள்.

ஆனால் ஒரு விஷயம். இது எப்போதாவது வந்து முள் மாதிரி தைக்கும், உடனே பிடுங்கிப் போட்டுவிடுவாள். கருவாடு கொடுத்ததற்கு முந்தின நாள் அவர் காலைக் கழுவிவிட்டாள் இல்லையா, கட்டு நனையாமல், வெந்நீரில், பித்தளைப் போணியில். அப்போது விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்து விரல், அது கருப்பாக இருந்ததா? நகத்துக்கடியில், நாவல்பழத் தோல் மாதிரி. இருந்தது. இருந்தது என்றுதான் தோன்றுகிறது. வெந்நீர் வைத்துக் கழுவியது கருவாட்டுக்கு முந்தின நாளா பிந்தின நாளா? பிந்தின நாள் என்றால் கட்டைப் பிரிக்க டாக்டர்தானே வந்தார், அவள் கழுவவில்லையே. அப்போ முந்தின நாள். முந்தின நாளே கருப்பு என்றால், அப்போ கருவாடு... இங்கே வந்ததும் நினைப்பு நின்றுவிடும். தப்பிக்கப் பாக்கியா என்று யாரோ கேட்பார்கள். யார் கேட்பது, உலகக்கா குரலா, அவள் குரலேதானா. தான் செய்ததை மறைக்க மனசு கருப்பைக் கொண்டுவந்து ஒட்டுகிறது, அவ்வளவுதான், மனசு எதைத்தான் ஒட்டாது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் நயினாரே வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலோடும். ஆவுடை அவரோடு சைக்கிள் டியூப் விலையெல்லாம் பேசினாளாம். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, ஊசியைப் பிடுங்கப் போய், சிஸ்டரை யாரு நீ, எங்க வீட்ல உனக்கென்ன வேலை என்று கேட்டு ஒரே ரகளையாம். உலகக்காதான் சொன்னாள், கோட்டி பிடிச்சவ மாதிரில்லா பேசுனே, நான் ரெண்டு கையையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக் கொதிப்பு தலைக்கும் ஏறும், இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னாராம். தெளிந்ததா? தெளிந்துவிட்டது என்று தெளிந்தவளுக்கு எப்படித் தெரியும். இப்போது கால்மாட்டில் யாரும் இல்லை. பார்த்துவிட்டாள். மறுபடியும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவர் வந்தது கூப்பிடத்தானா?

பிசியோ மேடம் தினமும் வாக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், நல்ல பெண், சிரித்த முகம். எந்திரிங்க ஆச்சி, கம்பி தாங்கும், நீங்க பயப்படாம ஊணுங்க. கம்பி தாங்கும், சரி. இது தாங்குமா? உள்ளே நெருப்பு மாதிரி இருக்கிற இடத்தில் முழு உடம்பையும் எப்படி வைப்பாள். ஊன்றினால் அந்தச் சத்தம் மறுபடி வரும். பச்சைக் கம்புச் சத்தம். கட்டில் விளிம்புக்கு வந்து காலைத் தொங்கப்போடுவாள், தரையைப் பார்ப்பாள், தலை சுற்றுதும்மா என்பாள், படுத்துக்கொள்வாள். தலை சுற்றுவதும் நிசம்தான். எழுந்து உட்கார்ந்தாலே கண் இருட்டிக்கொண்டு வருகிறது, கையைத் தூக்கி முடியை ஒதுக்கத் தெம்பில்லை. சேலையை விலக்கிப் பார்த்தால் நல்ல காலின் தொடையே தொளதொளவென்று கிடக்கிறது, தோல் மட்டும் போட்டு வைத்த மாதிரி. அது எப்படி, உடைந்தது இது, மெலிவது அதுவா? சீழ் உடம்பு பூராவும் பரவிவிட்டதோ. இரண்டு காலையும் எடுப்பார்களோ. முருகா. இரண்டு காலும் இல்லாமல், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மூட்டையாய் உட்கார்ந்துகொண்டு, உலகக்கா வந்து தூக்கினால் வெளிக்கு, தூக்கவில்லை என்றால் அப்படியே. அதற்குப் பேசாமல் நயினாரோடு அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். மானூர்க்காரி இன்றைய முட்டையை உரித்து மிளகுத்தூள் போட்டாள். வாசனை இங்கே வரை வந்தது. வாயில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறியதற்காக ஆவுடை தன்னையே வைதுகொண்டாள். சவத்து நாக்கு, காலைக் கொண்டுபோகப் போகிறார்கள், இதற்கு முட்டை கேட்கிறது.

"ஏட்டி, வாராவ," என்றாள் உலகம்மாள். ஸ்டூலிலிருந்து எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். டாக்டரம்மாவும் சிஸ்டரும், பின்னால் வாக்கரோடு பிசியோ மேடமும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். போர்வை விலகியது, பிளாஸ்திரி உரிந்தது, குளிர்ந்த விரல்கள் தையலைச் சுற்றி அமுக்கின. ஆவுடை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நாற்றம் வருகிறதா என்று மட்டும் பார்த்தாள். மருந்து வாசனைதான் வந்தது. அதற்கடியில் அந்த நாற்றம் ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள்.

டாக்டரம்மா ஏதோ சொல்லி முடித்திருந்தார்.

"எப்போ திறப்பிய?" என்று கேட்டாள் ஆவுடை.

"திறக்க வேண்டாம்னுதானே ஆச்சி சொல்லிக்கிட்டிருக்கேன். கணக்கு இறங்க ஆரம்பிச்சிருச்சு. புண்ணு காஞ்சிருக்கு. சீழ் கீழ் ஒண்ணும் கிடையாது. ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. ரத்தத்துல புரதம் ரொம்பக் கம்மியா இருக்கு, தொடையில சதையே இல்லை. முட்டை குடுக்கிறாங்கல்ல, சாப்பிடுறீங்களா?"

"முட்டையா?" என்றாள் உலகம்மாள். அவள் குரலில் பெருமை பொங்கியது. "தொடவே விடலையே டாக்டர். பருப்புகூடச் சேர்க்கலை. சோறும் ரசமுந்தான். சுத்தப் பத்தியம்."

வைவார் என்று ஆவுடை பயந்தாள். டாக்டரம்மா வையவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உலகம்மாளின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா கேளுங்க. எலும்பு உடைஞ்சிருக்கு, நாங்க வேற அறுத்து வச்சிருக்கோம். அதை ஆத்துறதுக்காக உடம்பு தானே உள்ளே ஒரு அடுப்பை மூட்டிக்கும். அந்தச் சூட்டைத்தான் நாங்க கணக்குப் பாக்கிறோம். வயசானவங்களுக்கு அது அணையறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் அடுப்புக்கு விறகு வேணும்ல? நீங்க வெறும் ரசத்தைக் குடுத்தா, அது ஆச்சியோட சதையை எடுத்து எரிக்கும். அப்புறம் நிக்கத் தெம்பு எங்கேருந்து வரும்? முட்டை, பருப்பு, மீனு எல்லாம் குடுங்க. தினமும் எழுப்பி நடக்க வைங்க. படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி, முதுகுல புண்ணுன்னு வேற வினை வந்து சேரும்."

"சீழ் பிடிச்சுக்கிடாதா டாக்டர்?" உலகம்மாளின் குரல் சின்னதாகிவிட்டது.

"கிருமி உள்ளே போனாத்தான் சீழ் பிடிக்கும். சாப்பாட்டுல பிடிக்காது."

ஆவுடை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்தச் சாப்பாட்டுலயுமா?"

"எந்தச் சாப்பாட்டுலயும்தான்."

"கருவாட்டுல?"

டாக்டரம்மா சிரித்தார். ஆவுடை சிரிக்கவில்லை. "சக்கரைக்காரவுகளுக்கு? கால்ல புண்ணு இருக்கு, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாவன்னா?"

"அவங்களுக்குப் புண்ணு அழுகுறது சக்கரையால, ரத்த ஓட்டம் இல்லாததால. கருவாடு பாவம், அது என்ன பண்ணும். ஆச்சிக்குக் கருவாட்டு மேல ஆசை வந்திருச்சு போல. உங்களுக்குத்தான் சக்கரையும் இல்லை, பி.பி.யும் இல்லையே, தாராளமாச் சாப்பிடுங்க." சிஸ்டரும் சிரித்தாள். டாக்டரம்மா எழுந்து, இன்னைக்கு எப்படியாவது நிக்க வச்சிருங்க என்று பிசியோ மேடத்திடம் சொல்லிவிட்டு மானூர்க்காரியைப் பார்க்கப் போனார்.

கால் போகவில்லை. திறக்கவில்லை. சந்தோஷப்படணும். எங்கே அது, வரக் காணோமே. முந்தின நாளே கருப்பு. நாவல்பழத் தோல். முந்தின நாள்தான், வெந்நீர் வைத்தது முந்தின நாள்தான், போணியைக் கவிழ்த்து வைத்த இடம்கூட இப்போது தெரிகிறது. அவர் நன்றாகச் சாப்பிட்ட கடைசிச் சோறு அது. அதைப் போட்டவள் அவள். அதைப் போய் இத்தனை வருஷமாக விஷம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு நாளாவது அவர் சட்டியைச் சுரண்டியதை ஆசையாக நினைத்துப் பார்த்திருப்பாளா. பார்க்க விட்டார்களா. வந்தது அழுகை இல்லை, கோபம். பக்கத்திலேயே நிற்கிறாள் அந்த மகராணி. பத்து நாளாகத் தன் மூத்திரத்தை அள்ளுகிறவள். இவளை என்ன செய்வது.

உலகம்மாள் மடித்திருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அது இல்லியாட்டி?"

"இல்லியாம்."

"சபையில வச்சுல்லா சொன்னேன்." உலகம்மாள் மடித்த துண்டை மறுபடி பிரித்தாள். "கொழுந்தன் படத்தை எப்படிப் பாப்பேன் இனிமே."

பிசியோ மேடம் ஆவுடையை நகர்த்திக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தாள். கால்கள் தொங்கின. தரை வெகு தூரத்தில் இருந்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது, சத்தம் வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று காது அடைத்துக்கொண்டு காத்திருந்தது. தலை சுற்றுதும்மா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வாக்கரை இந்தக் கையால பிடிங்க ஆச்சி, நான் பின்னால இருக்கேன்," என்றாள் பிசியோ மேடம். "அம்மா, நீங்க அந்தப் பக்கம் வந்து தோள் குடுங்க."

உலகம்மாள் வந்து குனிந்து நின்றாள். ஆவுடை அந்தத் தோளைப் பற்றினாள். பற்ற வேண்டியதைவிட இறுக்கினாள். நகம் ரவிக்கைத் துணியைத் தாண்டி உள்ளே இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. மெலிந்துபோன தன் உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, எழுபதைத் தாண்டிய தோளெலும்பு அவள் கைக்குள் நெரிந்தது. உலகம்மாள் முகத்தைச் சுளித்தாள், விலகவில்லை.

"வலிக்காக்கா?"

"வலிக்கு," என்றாள் உலகம்மாள். "நீ ஊணு."

கையைத் தளர்த்தாமலே ஆவுடை காலை ஊன்றினாள்.